செவப்பு நூலு தச்ச சாக்கு

அந்தச் சாக்கைத் திருப்பித் திருப்பிக் காட்டாதிய தம்பி. எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது. காலம்பற இருந்து அதைத் தோள்ல போட்டுக்கிட்டு வீடு வீடா ஏறி எறங்குதிய, இது யாரு சாக்கு, இது யாரு சாக்குன்னு. பழைய துணி எடுக்க வந்தவரு மாதிரில்லா இருக்கு பாக்கதுக்கு. பதினோரு வீடு முடிஞ்சிட்டா? பதினோரு வீட்டுலயும் தெரியாதுன்னுட்டாளுவளா? பொறவு பன்னெண்டாவது வீட்டுக்காரி மட்டும் உங்களுக்காகத் தெரிஞ்சி வச்சிருப்பாளாக்கும்.

உக்காருங்க. உங்க டிரைவர் டிராக்டரைக் கூட்டிட்டு வர எப்படியும் ஒரு மணி நேரம் ஆவும். இது தேரி மணலு. செவச்செவன்னு பாக்க அழகா இருக்கேன்னு ஜீப்பை உள்ள விட்டா இப்படித்தான் பைதாவை முழுங்கிட்டு உக்காந்துக்கிடும். போன வருசம் ஒரு கவருமெண்டு வண்டியும் இதே எடத்துலதான் மாட்டிக்கிட்டு நின்னுது. வறுமைக்கோட்டுக்குக் கீழ யாரு யாரு இருக்கான்னு எழுத வந்தாவளாம். கோட்டைக் கண்டாவளோ என்னவோ, வண்டியைத் தள்ளுனது நாங்கதான்.

தண்ணி தரட்டா? வேண்டாமா? அது சரி, கையிலயே பாட்டிலு இருக்கு. எந்த ஊரு தம்பி நீங்க? ஆழ்வார்திருநகரியா? அடடே, ஆத்தங்கரை ஆளு. தாமிரவருணிக் கரையில பெறந்துட்டு காசு குடுத்து பாட்டில் தண்ணி வாங்கிக் குடிக்கிய. நல்லாருங்க. எட்டு மைலு தள்ளித்தான் ஆறு ஓடுது, எங்களுக்கு அது பஸ்ஸுல போவும்போது சன்னல் வழியா பாக்கதுக்கு. உங்க பக்கம் வாய்க்காலு, நெல்லு, வாழை. எங்களுக்கு வானத்துல இருந்து விழுந்தா உண்டு, இல்லைன்னா இல்ல. பேரு என்ன சொன்னிய, ஸ்ரீகுமாரா? கெமிஸ்ட்ரி படிச்சிருக்கியளா? இலையைக் கசக்கிப் பாத்து அதுல விசம் எம்புட்டு இருக்குன்னு சொல்லுத படிப்பு. நல்ல படிப்புதான், இல்லைங்கல.

யாரைப் பாக்கிய, எங்க வீட்டு ஆளையா? அந்த ஓலைச் சாய்ப்புல கெடக்கவரையா? அவரைப் பாக்காதிய. எந்திரிச்சு வந்து வணக்கமெல்லாம் சொல்ல மாட்டாரு. கையி அப்படித்தான் ஆடும். பகல்லயேவான்னு கேக்கியளா? கேக்கது லேசுதான். பகலு என்ன, ராத்திரி என்ன, அந்த மனுசனுக்கு ஆறு மாசமா எல்லாம் ஒண்ணுதான். பேரு பொன்னுத்துரை. ஒரு சோலிக்கும் ஆவாத ஆளு. விடுங்க அவரை.

சாக்குக்கு வாரேன், அவசரப்படாதிய. மொதல்ல அந்தத் தாளை இன்னொருக்க வாசிங்க. செர்மனிக்காரன் உங்க கம்பேனிக்கு அனுப்புன தாளைத்தான். தமிழ்லயே சொல்லுங்க. பத்து லச்சம் பங்குல ஒரு பங்கு இருந்தாலே கூடுதலா? இதுல மூணு பங்கு இருந்துதா? அப்ப பத்து லச்சம் இலையைக் குமிச்சு வச்சா அதுல மூணே மூணு இலை எடைக்கு எறும்புப் பொடி. அதை மிசினு மோந்து பாத்துக் கண்டுபிடிச்சிட்டு. விசம் இருந்த இந்தச் சாக்கை மட்டும் திருப்பி அனுப்பிட்டு, ஒரு கப்பல் பொட்டி இலையையும் அங்கனயே கொளுத்திட்டானுவ. கொளுத்தட்டும், அவன் வயிறு, அவன் பாடு. அவனுக்கு வெளிக்கிப் போவணும், ஆனா சுத்தபத்தமாப் போவணும்.

ஏன் தம்பி மொகம் சுளிக்கிய? உள்ளதைத்தான சொல்லுதேன். நிலாவரை இலை வேற எதுக்கு? மருந்து, மருந்துன்னு நீங்க சொல்லுதிய. பேதி மருந்துதான அது. கறியும் ரொட்டியுமா வயிறு முட்டத் தின்னுட்டு காலையில வெளிக்கி வராம முக்குதான் பாருங்க, அவனுக்காவதான் நாங்க இந்த மணல்ல நின்னு இலை ஆயுதோம். எங்களுக்கு அந்தக் கஷ்டமே கெடையாது. இலை ஆஞ்ச கையை ஒழுங்காக் கழுவாம சோத்துல வச்சா அன்னைக்குப் பூரா ஓடைக்காடுதான்.

முன்ன எங்களுக்கு இந்த எழவெல்லாம் தெரியாது. ரெண்டு ஏக்கர். மழை விழுந்தா கம்பு, கூட உளுந்து, வேலி ஓரமா மொச்சை. ராசா மாதிரி இருந்தோம்னு சொல்ல மாட்டேன், அப்பயும் தரித்திரம்தான். ஆனா பானையில ஏதாவது கெடக்கும். தொண்ணூத்தி ஒண்ணுல குற்றாலலிங்கம் அண்ணாச்சி மொப்பட்டுல வந்து எறங்குனாவ. உங்க கம்பேனிக்கு இலை பிடிச்சிக் குடுக்கவிய, உங்களுக்குத் தெரியாததா? ஊருக்குள்ள எல்லாத்தையும் கூப்பிட்டு வச்சுச் சொன்னாவ. இன்னும் எத்தனை நாளைக்கு இந்தக் கம்பையே கட்டிக்கிட்டு அழப்போறிய? நிலாவரை போடுங்க. தண்ணி வேண்டாம், உரம் வேண்டாம், வேலி வேண்டாம். ஆடு வாய் வைக்காது, மாடு மோந்துகூடப் பாக்காது. போட்டுட்டு வீட்டுல படுத்துத் தூங்கலாம். அமெரிக்காக்காரனும் செர்மனிக்காரனும் நம்ம திருநேலி இலைக்குத்தான் தவம் கெடக்கானுவன்னு.

இந்த மனுசன் அன்னைக்கே வேண்டாம்னாரு. ஏன்னு கேட்டா பதில் சொல்லத் தெரியல. ஆடு திங்காததை எதுக்குட்டி போடணும், இதான் பேச்சு. போரும் கோட்டித்தனம்னு நாந்தான் ஏசினேன். ஊரே போடுது, நீரு மட்டும் கம்பைக் கட்டிக்கிட்டு அழுவீரோன்னு கேட்டேன். நாந்தான் தம்பி ஒத்தக்கால்ல நின்னு போட வச்சேன். அவரு ஒண்ணே ஒண்ணுக்குத்தான் மசியல. கெழக்கு மூலையில ஒரு சின்னத் துண்டு நெலத்துல வருசா வருசம் கம்பு போட்டு வெதை எடுத்து வச்சிக்கிடுவாரு. என்னத்துக்குன்னு கேட்டா, கெடக்கட்டும்ட்டிம்பாரு. எடம் வீணாப் போவுதேன்னு எனக்கு எரியும். சண்டை போட்டிருக்கேன்.

மொத வருசம் கிலோ இருவது ரூவாய்க்கு எடுத்தாவ. பொய் சொல்லக் கூடாது. மூத்தவளுக்குக் கம்மல் வாங்கினேன். சர்ச்சுல அசனம் வந்துது, ஊருக்கே சோறு போடுவாவல்லா, அதுக்கு ஒரு கெடாக்குட்டி குடுத்தோம். மைக்குல எம் பேரை வாசிச்சாவ. சாலோமி பொன்னுத்துரை ஒரு கெடான்னு. அந்தப் பவுசுல நான் ஒரு வாரம் தரையில நடக்கல. அடுத்த வருசம் பதினாலு. பொறவு எட்டு. பொறவு அஞ்சு. என்ன அண்ணாச்சி இப்படி ஆயிட்டுன்னு கேட்டா, வெளிநாட்டுல வெலை எறங்கிட்டுன்னாவ. ஏன் எறங்குச்சு, வெள்ளைக்காரனுக்கெல்லாம் ஒரே நேரத்துல வயிறு நேராயிட்டாக்கும்னு கேட்டேன். சிரிச்சிட்டுப் போயிட்டாவ. பொறவு ராசஸ்தான்ல போட்டுட்டானுவன்னாவ. பொறவு டாலருன்னாவ. எங்க ஊரு வெலையை எந்த ஊர்ல எவன் வைக்கான்னு எங்களுக்கும் தெரியாது, அண்ணாச்சிக்கும் தெரியாது. உங்களுக்குத் தெரியுமா? தெரியாதா? நல்லது. யாருக்குமே தெரியாத வெலைக்குத்தான் நாங்க நாலு வருசமா முதுகை ஒடிச்சிருக்கோம்.

வேற பயிரு போட வேண்டியதுதானன்னு கேக்கிய. நல்லா வாயில வருது எனக்கு. மத்ததைப் போட வெதை எங்க இருக்கு? எல்லாரும்தான் நிலாவரையைப் போட்டு வெதையைத் தொலைச்சிட்டாவளே. கம்பு வெலை எறங்குனா எறங்கட்டும்னு இடிச்சுக் காய்ச்சிக் குடிச்சிரலாம். இந்த இலை வெலை எறங்குனா என்ன செய்ய? காய்ச்சிக் குடிக்கவா? ஆடு வாய் வைக்காதுன்னு சொன்னப்ப என்னா சந்தோசம் எங்களுக்கு. ஆடே வாய் வைக்காததை நாம எப்படித் திம்போம்னு ஒரு மூதியும் யோசிக்கல, என்னையும் சேத்துத்தான்.

அன்னா அந்த மூலையில பாருங்க. குமிச்சுக் கெடக்கே, சித்திரையில ஆஞ்ச இலை. பச்சையா இருக்கணும். மஞ்சளாப் போச்சு. எல்லா வீட்டுலயும் இப்படித்தான் கெடக்கு. சாக்குக்காரன் யாருன்னு தெரியாம இந்த ஊரு இலையை ஒரு கிலோ தொட மாட்டோம்னு கம்பேனி சொல்லிட்டு. அந்த ஒரு வீட்டை மட்டும் தள்ளி வச்சிட்டு மத்த எல்லாருட்டயும் எடுப்போம்னு அண்ணாச்சி காலையில டீக்கடையில வச்சுச் சொன்னாவளாம். இன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும்தான் கெடுவாம். நெசந்தான? உங்க வாயால சொல்லுங்க. ஒரு வீடுதான? மத்த வீட்டுக்கு நாளைக்கே லாரி வருமா? தாள்ல எழுதித் தருவியளா? சரி, கேட்டு வச்சிக்கிடுதேன்.

இப்ப ஒரு விசயம் சொல்லட்டா தம்பி? நீங்க படிச்சவிய, ஆனா உங்களுக்குச் சாக்கு பாக்கத் தெரியல. அதுல ஒட்டுப் போட்டிருக்கு பாருங்க, செவப்பு நூலு. அந்தத் தையலைக் கிட்டத்துல பாருங்க. ரெண்டு குத்து மேல, ஒரு குத்து கீழ, ஓரத்துல மடிச்சு ஒரு முடிச்சு. இந்த ஊருல ஒருத்தி தையலு மாதிரி இன்னொருத்தி தையலு இருக்காது. களத்துல சாக்கெல்லாம் மொத்தமாக் கெடக்கும்போது எங்க சாக்கை நாங்க எப்படிப் பிரிச்சு எடுப்போம்னு நெனைக்கிய, பேரு எழுதியா? நீங்க பதினோரு வீட்டுலயும் அதை விரிச்சுக் காட்டுன உடனேயே அவளுவ அத்தனை பேருக்கும் தெரிஞ்சிருக்கும். தெரிஞ்சுதான் தெரியாதுன்னு சொல்லிருக்காளுவ. அவளுவ வீட்டுலயும் இலை மஞ்சளாத்தான் கெடக்கு. நானா இருந்தா சொல்லிருப்பேன். என்னவோ, அவளுவ சொல்லல.

எழுதுங்க. பேரு சாலோமி. அந்தச் சாக்கு எங்க வீட்டுச் சாக்கு.

ஏன் பேனாவைக் கீழ வைக்கிய? இவ்வளவு நேரம் இதுக்குத்தான உயிரை வாங்குனிய? வயக்காட்டுல மருந்து அடிச்சியான்னு கேட்டு வந்திய. மருந்து வாங்கக் காசு ஏது? அது வெதைக் கம்பு கெடந்த சாக்கு. நான் சொன்னேனே, கெழக்கு மூலையில இந்த மனுசன் போட்டு எடுப்பாருன்னு, அந்தக் கம்பு. வெதையில வண்டு விழாம இருக்க எறும்புப் பொடியைப் போட்டுக் குலுக்கிக் கட்டி வைப்போம். இந்தப் பக்கம் எல்லாரும் செய்யுததுதான். வெதையை யாரு திங்கப் போறா? மண்ணுக்குள்ளதான போவுது.

தை மாசம் இலை குடுத்தோம். கப்பல்ல போயி அவன் சரின்னு சொன்னப் பொறவுதான் துட்டுன்னு அண்ணாச்சி கையை விரிச்சாவ. முன்னயெல்லாம் எடை போட்ட அன்னைக்கே குடுப்பாவ, இப்ப வெளிநாட்டுச் சட்டமாம். ரேசன் அரிசி பாதி மாசத்துக்குக் காணாது. மாசி மாசம் மூணு நாளு அடுப்பே பத்த வைக்கல தம்பி. இலை வீடு நெறையக் கெடக்கு. எளையவன் அதைப் பாத்துக்கிட்டு, யம்மா இதைத் திங்கலாமான்னு கேட்டான். நல்லாக் கேட்டான் போங்க.

அன்னைக்குத்தான் அந்தச் சாக்கை அவுத்தேன். ஆறு படி கம்பு. ஏழு தண்ணி விட்டுக் கழுவினேன். வெயில்ல பரத்திப் பொடைச்சேன். மறுபடியும் கழுவினேன். மோந்து பாத்தா வாடை இருக்கு, பொறவு பாத்தா இல்லாத மாதிரியும் இருக்கு. உங்களை மாதிரி எங்கிட்ட மிசினா இருக்கு, பத்து லச்சத்துல எம்புட்டுன்னு பாக்க? காய்ச்சி எறக்கிட்டேன். புள்ளைய ரெண்டும் தட்டை வச்சிக்கிட்டு உக்காந்திருக்கு.

இந்த மனுசன் வந்து சட்டியைத் தூக்கிட்டாரு. எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல. புள்ளைய பட்டினி கெடக்கு, நீரு மொதல்ல கொட்டிக்கிடுதீரோன்னு வாய்க்கு வந்தபடி ஏசினேன். அவரு வயிறு நெறையக் குடிச்சாரு. சட்டியை மடியில வச்சிக்கிட்டு, பொழுது அடையட்டும், எனக்கு ஒண்ணும் ஆவலைன்னா புள்ளையளுக்கு ஊத்துட்டின்னாரு. அங்கனயே செவத்துல சாஞ்சு உக்காந்துட்டாரு. மூத்தவ அழுதா. நானும் ஒரு பாடு அழுதேன், பசியில.

பொழுது அடைய விடல. அதுக்கு முன்னயே இழுத்துட்டு. கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்கு, வாயில நொரை. சட்டியைத் தூக்கி மணல்ல கொட்டி மூடிட்டு ஆளைத் தூக்கிட்டு ஓடினோம். பெரிய ஆஸ்பத்திரியில டாக்டரு என்னம்மா சாப்பிட்டாருன்னு கேக்காவ. எறும்புப் பொடின்னு சொன்னா, மருந்து குடிச்ச கேசுன்னு போலீசு வரும். எங்க ஊருல ரெண்டு வீட்டுக்கு வந்திருக்கு, அவனுவளுக்கு யாரு துட்டு அழ? நான் யோசிக்கக்கூட இல்ல தம்பி. சாராயம்னுட்டேன். இப்படிக் குடிக்கலாமாம்மான்னு அவிய என்னைத் திட்டிட்டு குடிக்கு உள்ள வைத்தியம்தான் பாத்தாவ. நான் வாயைத் தொறக்கல. எட்டு நாளு பக்கத்துலயே உக்காந்திருந்தேன், தொறக்கல. அந்தக் கை ஆடுதுன்னா அது கம்புல பாதி, எம் பொய்யில பாதி.

திரும்பி வந்தா வாசல்ல லாரி நிக்கி, மிச்ச இலையை இப்பவே போட்டா உண்டு, இல்லைன்னா அடுத்த மாசம்னு அண்ணாச்சி அவசரப்படுத்துதாவ. போட்டா கையில கொஞ்சம் முன்பணம் தாரேன்னாவ, மருந்து வாங்கத் துட்டு வேணும். சாக்கு பத்தல. இந்தச் சாக்கு வெறுஞ்சாக்காக் கெடந்துது. ரெண்டு ஒதறு ஒதறி இலையை அமுக்கிக் கட்டிட்டேன். அதான் உங்க மூணு பங்கு. சட்டியில எத்தனை பங்கு இருந்துதுன்னு யாரும் தாளு அனுப்பல.

டிராக்டர் சத்தம் கேக்கு. உங்களுக்கு விடிஞ்சுது. எந்திரிக்காதிய, இன்னும் ஒரு சோலி இருக்கு. நாளைக்குப் பதினோரு வீட்டுக்கும் லாரி வந்தாவணும், அதை எழுதிக் கையெழுத்துப் போடுங்க. போட்டாச்சா? சரி. எங்க இலையை அள்ளிக் குப்பையில கொட்டிக்கிடுதேன், அதுக்கு நீங்க வருத்தப்பட வேண்டாம். அந்தப் பையில கண்ணாடிப் புட்டி வச்சிருக்கியளே, இலை பிடிக்கதுக்கு, அதுல ஒண்ணை எடுங்க. ஊசியும் வச்சிருக்கியளா? இல்லைன்னா பரவாயில்ல, எங்கிட்ட சாக்குத் தைக்க ஊசி இருக்கு. அவரு ரத்தத்துல ஒரு சொட்டு எடுத்துட்டுப் போங்க. செர்மனிக்காரன் மிசின்ல வச்சுப் பாக்கச் சொல்லுங்க. பத்து லச்சத்துல எத்தனைன்னு ஒரு தாளு வரட்டும், நான் டாக்டர்ட்ட கொண்டு காட்டணும்.

பைய வாங்க, தலை இடிக்கும். கையைக் கெட்டியாப் பிடிச்சிக்கிடுங்க, ஆடும். மோந்து பாக்கணும்னாலும் பாத்துக்கிடுங்க தம்பி. அவரு பொறந்ததுல இருந்து ஒரு சொட்டு குடிச்சவரு இல்ல.